ஆறு பின்னல்களும் ஒரு மகளும்

ஜனவரி 9

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய், போட்டோவிலேயே தெரிகிறது.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. ஆத்திரத்தில் கிழித்துப் போட்டாலும் பொறுக்கி ஒட்டிப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நம் மிளகு நேற்று அனுப்பிய போட்டோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் வீட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நீல உல்லன், கையில் ஊசி. பக்கத்தில் நீ, வாயெல்லாம் பல்.

என் மகள் பின்னுகிறாள்! பதினெட்டு வருஷம் என் பக்கத்திலேயே வளர்ந்தவள் ஊசியைத் தொட்டதில்லை. ஒன்பது வயதில் ஒரே ஒரு தடவை எடுத்து, கோணலும் மாணலுமாக ஒரு சாண் பின்னினாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அதைப் பிரித்து, நேராகப் பின்னி வைத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். வந்து பார்த்தாள், பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதோடு சரி. ஹாஸ்டலை விட்டு உன் வீட்டுக்கு வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்கு மட்டும் எப்படிப் படிந்தாள்?

பொறாமையா என்று கேட்காதே. பொறாமைதான். வயிறு எரிகிறது. மருந்து கொடுக்கும் கவுண்டரில் நின்றுகொண்டு, நோயாளி சீட்டை நீட்டும்போதுகூட அந்த சோபாதான் கண்ணில் நிற்கிறது.

ஏப்ரலில் அவளுக்குப் பிசியோதெரபி படிப்பு முடிகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் மே மாதம் ஒரு இடம் காலியாகிறது. பெரிய டாக்டரிடம் பேசிவிட்டேன். அவளை நேராக வீட்டுக்கு அனுப்பிவை. அவள் அப்பா போனபிறகு இந்த வீட்டில் பேச எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். வேறு எதையும் அவள் தலையில் ஏற்றாதே.

அக்கா

ஜனவரி 20

அக்கா,

கிழிக்கவில்லை. டிப்போவில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். சிரிப்பு வந்து டீ மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து ரூட் டிரைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எப்படிப் படிந்தாள் என்று கேட்டாயே. நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியம். என் வீடு எப்படி என்று நீ பார்த்ததில்லை. இங்கே ஆறு பின்னல் ஆறு இடத்தில் கிடக்கிறது. நான் ஓட்டும் பஸ்ஸில் எடுத்துப்போகும் பையில் கொக்கி ஊசியால் போடும் குரோஷா சதுரங்கள், கடைசி ஸ்டாப்பில் எனக்குப் பதினோரு நிமிஷம் கிடைக்கும், அதற்கு. டிவி பக்கத்தில் சாம்பல் நிற ஸ்வெட்டர். அடுப்பங்கரையில் பாத்திரம் துடைக்கும் துணி, தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்கு. கட்டிலில் ஒரு போர்வை, இரண்டு வருஷமாக. அது கனம், குளிர்காலத்தில் மட்டும்தான் தொடுவேன். பல் டாக்டரிடம் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு காலுறை, ஒற்றைக் கால்தான் ஆகியிருக்கிறது. ஆறாவது கதவுக்குப் பின்னால் தொங்கும் பச்சை. அது கோபம் வந்தால் மட்டும். கண்ணியெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும். அதில் ஏழெட்டு வரிசை உன் பெயரில்தான் ஓடியிருக்கிறது.

ஒரு சாயங்காலம் மிளகு வார்டிலிருந்து வந்து விழுந்தாள். நாளெல்லாம் பிறத்தியார் முழங்காலை மடக்கி நீட்டியவள் கையைச் சும்மா வைக்கத் தெரியாமல் டிவி பக்கத்துக் கூடையைக் கிளறினாள்.

"சித்தி, இது என்னது?"

"ஸ்வெட்டரா வரலாம். பாக்கலாம்."

"எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியும்."

அதற்கு ஏன் அப்படிச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. "இப்படிக்கூடச் சொல்லலாமா?" என்றாள். மறுநாள் அவளே போய் நீல நூல் வாங்கி வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் தப்பாகப் போட்டால் நான் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எனக்குத் தெரியவா போகிறது?

வேலை விஷயம் அவளிடம் நீயே கேள். நான் நடுவில் வரவில்லை.

ஒரு உதவி. சாம்பல் ஸ்வெட்டருக்குக் கழுத்து வைக்க வேண்டும். உன்னைப் போலக் கழுத்து வைக்க யாராலும் முடியாது. திட்டிக்கொண்டேயாவது வைத்துக்கொடுப்பாயா?

தங்கை

பிப்ரவரி 2

தங்கைக்கு,

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசினாள். மூன்று நிமிஷம் சித்தி புராணம். சித்தி பஸ்ஸை எப்படித் திருப்பினாங்க, சித்தி யாரை எப்படிக் கிண்டல் பண்ணினாங்க. மீதி ஒரு நிமிஷத்தில் மே மாத வேலையைப் பற்றிக் கேட்டேன். என்ன பதில் வந்தது தெரியுமா? "பாக்கலாம்மா, முடிவு பண்றப்ப பண்ணலாம்." குரல் மட்டும்தான் அவளுடையது. வார்த்தை, இழுப்பு, சிரிப்பு எல்லாம் நீ!

ஆடு பகை, குட்டி உறவு என்று சும்மாவா சொன்னார்கள்? என்னோடு ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள் நீ. என் பிள்ளைக்கு மட்டும் சோபாவில் இடம் போட்டு வைத்திருக்கிறாய்.

ஆறு பின்னலைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படிக்கும்போதே மூச்சு முட்டியது. ஒன்றை ஊசியில் ஏற்றினால், அதை முடித்து, ஓரம் தைத்து, அலசிக் காயவைத்தபிறகுதான் எனக்கு அடுத்த நூல்கண்டைப் பார்க்கவே தோன்றும். உனக்கு எல்லாமே ஆரம்பம்தான். நர்ஸ் படிப்பை ஆரம்பித்தாய், விட்டாய். கல்யாணத்தை ஆரம்பித்தாய், இரண்டே வருஷத்தில் விட்டாய். இப்போது ஏழாவதாக என் மகளை ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறாய். அலுத்துப்போனால் அவளையும் கதவுக்குப் பின்னால் மாட்டுவாய்.

ஸ்வெட்டரை அனுப்பு. கழுத்தில்லாமல் ஒரு ஸ்வெட்டர் இந்த உலகத்தில் கிடக்கிறது என்று தெரிந்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியாது.

அக்கா

பிப்ரவரி 11

அக்கா,

பார்சல் நேற்று அனுப்பியாயிற்று. எனக்கு டபுள் டியூட்டி, மிளகுதான் கட்டி அனுப்பினாள்.

கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வீட்டை விட்டு நான் வந்த அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் "இதையும் பாதியில போட்டுட்டு வந்துட்டா" என்று சொன்னாய். எனக்கு உதடு கிழிந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை. உனக்குப் பாதியில் நின்றது மட்டும்தான் தெரிந்தது. ஆறு வருஷம் ஏன் பேசவில்லை என்று இனிமேல் எழுதாதே.

நான் முடிப்பதில்லைதான். நீ முடிக்கிறாய். முடித்து, மடித்து, பூச்சி உருண்டை போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் யாராவது எதையாவது போட்டுக் கசக்கி நான் பார்த்ததில்லை. உன் மகளுக்கு மடிக்காமல் கிடக்கிற இடம் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

பச்சையில் இன்று ஒன்பது வரிசை ஏறிவிட்டது.

தங்கை

பிப்ரவரி 24

தங்கைக்கு,

உதட்டைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வேறு சமயம் எழுதுகிறேன்.

கழுத்து முடிந்தது. மூன்று நாள் ஆயிற்று. ஸ்வெட்டர் பூராவும் உன் முறுக்குப் பின்னல், அதன் மேல் என் நேர்ப்பின்னல் கழுத்து. மாமியாரும் மருமகளும் ஒரே ரிக்‌ஷாவில் போவது போல இருக்கிறது. ஆனால் போட்டுக்கொள்ளலாம்.

பார்சலில் அடியில் ஒரு நீலப் பின்னலும் கிடந்தது. சீட்டு எதுவும் இல்லை. உன் ஏழாவதோ எட்டாவதோ என்று நினைத்தேன். எல்லாரும் கண்ணிக்கு முன்னால் ஊசியை விடுவார்கள், நீ ஒருத்திதான் சின்ன வயதிலிருந்து பின்னால் விடுவாய். ஒவ்வொரு கண்ணியும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதே திருகல். அதுவும் ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கம். எண்ணாமல் போட்டால் அப்படித்தான் வரும். எதற்கும் உதவாது என்று பிரித்து, அலசி, நான்கு உருண்டையாகச் சுற்றி ஸ்வெட்டரோடு அனுப்பியிருக்கிறேன். நல்ல நூல், வீணாக்காதே.

ஞாயிற்றுக்கிழமை மிளகு பேசியபோது முதலில் அதைத்தான் சொன்னேன். "சித்தி குப்பை ஒண்ணு அனுப்பியிருந்தா, பிரிச்சுட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றாள். அவளுக்கும் வேலை இருக்கும்போல, உடனே வைத்துவிட்டாள்.

அக்கா

மார்ச் 4

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

நீலம் என்னுடையது இல்லை. மிளகுடையது. அவள் அதைப் பார்சலில் வைத்தது எனக்கே தெரியாது. நான்கு உருண்டை வந்து இறங்கியபிறகுதான் தெரியும்.

உன் கவுண்டருக்கு மேலே ஏசி மாட்டியிருக்கிறார்களாமே, காற்று நேராக உன் இடது தோளில் அடிக்கிறதாமே. தோள் இறுகிப்போய் நீ கையைத் தூக்கவே கஷ்டப்படுகிறாயாமே. எனக்கு நீ சொன்னதில்லை. அவளுக்கும் சொல்லவில்லையாம், போன தடவை வந்தபோது நீ மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுப்பதைப் பார்த்தே கண்டுபிடித்தாளாம். அந்தத் தோளை மூடிக்கொள்ளத்தான் அது. இடது பக்கம் அகலம், வலது பக்கம் ஒடுக்கம். எண்ணாமல் போட்டதில்லை அக்கா, அவள் விரலை மடக்கி எண்ணி எண்ணிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. ஓரம் போட அவளுக்கு வரவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. "ஓரத்தை அம்மாவே போட்டுக்கட்டும்னு நினைச்சேன் சித்தி, அவங்க கையும் அதுல இருக்கட்டும்னு" என்றாள். அதை ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தாளாம். நீ முந்திக்கொண்டாய்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. உருண்டைகளைப் பார்த்தாள், "அம்மா சுத்தினா எவ்வளவு உருண்டையா இருக்கு பாருங்க" என்றாள். மறுநாள் இங்கே இருக்கும் ஒரு மூட்டு வைத்தியசாலையில் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் "மே மாசம் அம்மாகிட்ட போயிடலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதை உனக்கு நான் எழுதவில்லை. எழுத மனசு வரவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேட்டால் என்னைச் செருப்பால் அடிப்பாய். அவள் கையெழுத்துப் போட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நீ செய்த காரியத்தால் அவள் எனக்கு மிச்சம் ஆனாள் என்று ஒரு குரூர சந்தோஷம். வெட்கமாகவும் இருந்தது, இருந்தாலும் சந்தோஷம்தான்.

அது அரை நாள்கூட நிற்கவில்லை. வேலைக்குச் சேரும் ஃபாரத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எடுத்துப் பார்த்தேன். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்குமே. அதில் உன் பெயர், உன் நம்பர். எட்டு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டிய நீ! பக்கத்து அறையில் படுத்திருக்கும் நான் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு ட்ரிப் விட்டுக்கொடுத்து ஓடி வந்தவள் நான். பதினோரு மாதம் என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவளுக்கு அந்தக் கட்டத்தில் எழுத என் பெயர் தோன்றவே இல்லை.

நீ சோபாவைப் பார்த்து எரிந்தாய். நான் அந்தக் கட்டத்தைப் பார்த்து எரிந்தேன். பச்சையை எடுக்கப் போனேன், கை ஓடவில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. இரண்டு நாள் லீவு போட்டேன். வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் இதுதான் காய்ச்சல், பிரசவம், சாவு எதுவும் இல்லாமல் போட்ட முதல் லீவு.

போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். நீலம் உன்னுடையது என்று நான் நினைக்கவே இல்லை. கையில் எடுத்த அந்த நொடியே தெரியும். நீ தளர்த்திப் பின்னுவாய், அது இறுக்கம். வரிசை ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் நூலை இழுத்துப் பிடித்திருந்தாள், பென்சிலைக்கூட அப்படி அழுத்தித்தான் பிடிப்பாள். என் மகள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவள்தான் என்று தெரிந்தது. அவள் கைக்குள்ளேயும் உன் திருகல் இருந்தது. கண்ணிக்குக் கண்ணி, வரிசைக்கு வரிசை நீதான் எட்டிப் பார்த்தாய். உன்னை அதிலிருந்து பிடுங்கி எடுக்கத்தான் பிரித்தேன். பிரிக்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. எனக்குப் பின்னியதாக இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

முந்தாநாள் அவளைக் கூப்பிட்டேன். இதே வார்த்தையைச் சொன்னேன். அவள் சொன்னாள்.

"தெரியும்மா. என் கை உனக்குத் தெரியாம போகுமா?"

"அப்புறம் ஏண்டி சரிம்மான்னு சொன்ன?"

"வேற என்னம்மா சொல்றது?"

ஒன்பது வயதில் அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. ஒரே தப்பைப் பதின்மூன்று வருஷம் இடைவெளி விட்டு இரண்டு தடவை செய்யும் அம்மா இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் இருக்கட்டும். நான் கேட்டால் அவள் "சரிம்மா" என்றுதான் சொல்வாள், அந்தச் சொல்லை இனி நான் கேட்கக் கூடாது.

உன் உதட்டைப் பற்றி. பார்த்தேன். எல்லாருக்கும் முந்தி நான்தான் பார்த்தேன். இவளுக்கு இப்படி ஒரு இடத்தைப் பார்த்துக் கொடுத்தவள் நான்தானே என்று அடுத்த நொடி தோன்றியது. அதை ஒத்துக்கொள்ள மாட்டாமல்தான் பாதியில் விட்டுவிட்டாய் என்று கத்தினேன். ஆறு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டால் அதற்கு என்ன மரியாதை என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்த ஃபாரத்தில் என் பெயர் இருந்தது என்று நீ எழுதிய இடத்தை நாலு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை, ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். நாலாவது தடவை உன்னை நினைத்தேன். ஈரத் தலையோடு அவள் வருவதற்குள் ஃபாரத்தைப் பழையபடி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல நீ டீ போட்டிருப்பாய். அதை யாரும் சொல்லாமலேயே எனக்குத் தெரிகிறது. நீ என் தங்கை.

நேற்று அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் மிளகை என்னிடமிருந்து நீ பறித்துக்கொண்டாய் என்றுதான் எரிந்துகொண்டிருந்தேன். நேற்றுப் பார்க்கும்போது அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தோளில் சாய்ந்திருக்கிறாள். உன் சிரிப்பை அவ்வளவு கிட்டத்தில் கேட்கிறாள். ஆறு வருஷமாக எனக்குக் கிடைக்காதது அவளுக்குத் தினமும் கிடைக்கிறது. இரண்டு பேரில் யாரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே வந்து சேரும். பத்து நாள் இருப்பேன். அவளை அழைத்துப் போக வரவில்லை, அவளிடமும் சொல்லிவிட்டேன். ஸ்டாண்டுக்கு யாராவது ஒருத்தி வந்தால் போதும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். நீ மட்டும் வந்தால் அவள் ஏன் வரவில்லை என்று இருக்கும். அவள் மட்டும் வந்தால், என்னைப் பார்க்க உனக்கு மனசில்லை என்று வழியெல்லாம் அழுவேன். என் குணம் உனக்குத் தெரியும். இரண்டு பேரும் வந்து தொலையுங்கள்.

அக்கா